வெள்ளையடிக்க ஆள் விடும் முன்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கம் அரை நூற்றாண்டு கடந்த பெண்கள் பள்ளிகளை நடத்திவரும் தாளாளர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

வணக்கமுங்க.

முழுப் பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கு வெள்ளையடிப்பீர்கள். அதற்கு முதல் நாள் சுவரில் இருக்கிற படங்களை எல்லாம் கழற்றுவார்கள். கழற்றிய படத்துக்கு மூன்றில் ஒன்று நடக்கும். ஆயாம்மா ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பார். இல்லாவிட்டால் போர்டு எழுதுகிறவரிடம் "கொஞ்சம் டச்சப் பண்ணிக் குடுங்க" என்று போகும். அதுவும் இல்லையென்றால் அதே அளவில் ஒரு ஃபிளெக்ஸ் அடித்து மாட்டிவிட்டு, பழையது அட்டாலிக்கு ஏறும். அட்டாலியிலிருந்து பழைய பேப்பர் கடைக்கு இறங்கும். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்தப் படங்களில் எத்தனையோ உங்கள் பள்ளி ஓவிய ஆசிரியையின் கைவேலை. அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் எழுதி, ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங், பெயின்டிங் என்று தாள் தாளாகப் பாஸ் செய்து வந்தவர். தையல் டீச்சர், பாட்டு டீச்சரோடு சேர்த்துச் 'சிறப்பாசிரியர்' என்ற தலைப்பில் அடைக்கப்பட்டவர். வாரத்துக்கு ஒரு பீரியட். அதையும் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். ஆனால் நிறுவனரின் பாஸ்போர்ட் அளவு போட்டோவிலிருந்து கட்டம் போட்டு மூன்றடிப் படம் வரைந்தது யார்? பிரார்த்தனைக் கூடத்துச் சரஸ்வதி, நூலகத்து வள்ளுவர், ஆண்டு விழா நாடகத்துக்கு அரண்மனை சீன், அறிவியல் அறையில் இதயத்தின் குறுக்குவெட்டு, இத்தனையும் யார் கை? சட்டத்தின் கீழே 'உபயம்' என்று கொடையாளியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வரைந்தவர் பெயர் இருக்காது, இருந்தால் கடுகளவு இருக்கும். டியூப் லைட் வெளிச்சமே வராத அளவுக்கு அதன்மேல் உபயம் எழுதுகிற ஊரில் இது ஒன்றும் புதுமை அல்லதான்.

நாங்கள் கேட்பது, அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து எழுதிவையுங்கள் என்பதுதான். தேடுகிற வழியையும், தேடும்போது படம் கெட்டுப்போகாமல் இருக்கிற வழியையும் சொல்கிறோம்.

பெயர் எழுதுவதால் என்ன ஆகிவிடும் என்பதற்குக் கோவையிலேயே சான்று உண்டு. 1840களில் இங்கே அரசின் பருத்திச் சோதனைப் பண்ணையைப் பார்த்துக்கொண்ட ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரிடம் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் செடிகளை வரைந்தார்கள். அந்தக் காலத்தில் துரைமார்களிடம் வரைந்த எத்தனையோ பேர் பெயர் தெரியாமலே போய்விட்டார்கள். இந்த இருவரின் பெயரை வைட் எழுதி வைத்தார். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். 150 வருடம் கழித்து எடின்பரோ தாவரவியல் பூங்காவில் அவர்களைத் தேடி எடுத்து எழுத முடிந்தது அதனால்தான்.

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலந்தில் ஒரு கதை. ஜூடித் லெய்ஸ்டர் 1609இல் ஹார்லெம் நகரில் பிறந்தவர். 1633இல் அந்த ஊர் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். கல்யாணத்துக்குப் பிறகு, சொத்துப் பட்டியலில் அவர் படங்கள் 'ஓவியர் மோலநாரின் மனைவி' கணக்கில் போயின. 1660இல் இறந்ததும் பெயரும் போனது. படங்கள் மட்டும் அதே ஊரின் பேர்பெற்ற ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தவை என்று இருநூறு வருடத்துக்கு மேல் கைமாறின. இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிற 1630ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், ஜே, எல் என்ற எழுத்துகள் பின்னிக்கொண்டு பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருப்பதை உற்றுப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. லெய்ஸ்டர் என்றால் வழிகாட்டும் விண்மீன். நட்சத்திரம்தான் அவர் கையெழுத்து. 1893இல் ஹாஃப்ஸ்டீட டெ க்ரூட் என்ற ஆய்வாளர் ஏழு படங்களை அவர் கணக்கில் திருப்பி எழுதினார். ஒரு மூலையில் விரல் நகத்தளவு இடம், அவ்வளவுதான். அந்த இடத்தை யாராவது ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் ஹால்ஸ் கணக்கிலேயே இருந்திருக்குமோ.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமென்றால் ஓவியர் டி. கே. பத்மினி. நம் ஆழியாற்றுத் தண்ணீர் பாரதப்புழையோடு கலந்து கடலில் சேருகிறதே, அந்தப் பொன்னானிப் பக்கம் 1940இல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் படித்தார், சென்னையில் பள்ளி ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தார், 1969இல் பிரசவத்தில் இறந்தார், முப்பதைத் தொடவில்லை. பணிக்கர் 1911இல் கோவையில் பிறந்தவர் என்று நம் ஊர் மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய இந்த மாணவியை எத்தனை மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?

சரி, வேலைக்கு வருவோம்.

படத்தைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஏணியில், ஒருவர் கீழே. மேல் சட்டத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பழைய சட்டத்தின் மூலை ஆணி துருப்பிடித்திருக்கும், மேல் கட்டை மட்டும் கையோடு வந்துவிடும். இரண்டு பக்கக் கட்டையையும் பிடித்துத் தூக்குங்கள். மேசைமேல் துவைத்த போர்வையை விரித்து, படத்தை முகம் மேலே பார்க்க வையுங்கள். வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் திருப்பவே வேண்டாம். உதிர்ந்த செதிலைக் கூட்டிப் பெருக்காமல், ஒரு வெள்ளைத்தாளை மடித்து அதில் எடுத்துப் போட்டு, எந்தப் படம், எந்த இடம் என்று தாளின்மேல் எழுதுங்கள். மரவேலை வெள்ளைப் பசையால் ஒட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது காய்ந்தபின் பிரியாது. பிறகு வருகிற ஓவியப் பாதுகாப்பு வல்லுநருக்கும் வழி அடைபட்டுவிடும்.

செதில் இல்லையென்றால் திருப்பிப் பாருங்கள். முகத்தைவிட முதுகுதான் அதிகம் பேசும். படம் காடாத் துணியிலா, ஹார்டுபோர்டிலா, ஒட்டுப்பலகையிலா? பென்சிலில் பெயர், தேதி, 'XI பி' மாதிரி வகுப்பு எண், சட்டம் போட்ட கடையின் சீட்டு, பழைய இருப்பு எண், எதுவும் சின்ன விஷயம் அல்ல. சட்டக் கடைச் சீட்டில் பழைய தொலைபேசி எண் இருந்தால் அதில் எத்தனை இலக்கம் என்பதே ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடும். பின்னால் ஒட்டிய பழுப்புத்தாள் கிழிந்து தொங்கினால், 'அசிங்கமாக இருக்கிறது' என்று உரித்துப் போடாதீர்கள். அதில்தான் எழுத்து இருக்கும்.

கையெழுத்தைத் தேடுகிற இடம் வலது கீழ் மூலை என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, சட்டத்தின் உள்விளிம்பு படத்தை நாலு பக்கமும் அரை சென்டிமீட்டர் மறைக்கும் என்பது. அடக்கமாக ஓரத்தில் போட்ட கையெழுத்து அதற்குள் போய்விடும். சட்டத்தைக் கழற்றத் தெரிந்த தச்சர் ஒருவரை வைத்து, பின்பக்க ஆணிகளைக் குறடால் நேராக இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். நெம்பினால் பலகை ஓரம் உடையும்.

இன்னொரு சிக்கல் தலைப்பெழுத்து. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பின் கணவர் பெயரின் எழுத்து. 1958இல் 'கே.' என்று இருந்தவர் 1963இல் 'ஆர்.' ஆகியிருப்பார். இரண்டும் இரண்டு பேர் என்று எழுதி வைத்துவிடுவார்கள். பெயரைப் பார்க்காமல் எழுத்தின் சுழியைப் பாருங்கள். 'ர'வின் காலை இழுக்கிற விதம் கல்யாணத்தால் மாறாது.

மங்கிய கையெழுத்துக்குச் செலவில்லாத வழி பக்கவாட்டு வெளிச்சம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் படத்தின் பரப்போடு படுக்கவைத்த மாதிரி, பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் உயராமல், ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத தூரிகைத் தடமும், கட்டம் போட்ட பென்சில் கோட்டின் பள்ளமும், அடியில் அழித்து எழுதியதும் நிழல் விழுந்து எழும். நாலு பக்கத்திலிருந்தும் அடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ எடுங்கள். அடுத்தது புற ஊதா டார்ச். 395 நானோமீட்டர் என்று போட்டதில் ஊதா வெளிச்சமே அதிகம் வந்து கண்ணைக் குழப்பும். 365 என்று போட்டதை வாங்குங்கள், புற ஊதாவைத் தடுக்கிற மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பழைய குங்கிலிய வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னால் யாரோ டச்சப் செய்த இடங்கள் அதன்மேல் கரும்புள்ளிகளாகத் தெரியும். கையெழுத்தே கருப்பாக மிதந்தால், அது பிறகு வந்த கை போட்டது என்று சந்தேகப்படலாம்.

கைவேலையா, அச்சா என்று சந்தேகமிருந்தால் துணியில் இழை எண்ணுகிற பிக் கிளாஸ் போதும். திருப்பூரிலும் பள்ளிபாளையத்திலும் அது யார் சட்டைப் பையிலாவது இருக்கும். அச்சில் புள்ளி வரிசை தெரியும். கைவேலையில் மயிரிழை தெரியும்.

துடைப்பதைப் பற்றி. இங்கேதான் அதிகம் கெடுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிப் படங்களில் மூன்று வகை வண்ணம் வரும்: ட்யூப் ஆயில் கலர், போஸ்டர் கலர், கதவுக்கு அடிக்கிற எனாமல். ஒரே படத்தில் மூன்றும் வருவதுண்டு; முகம் ஆயில், பின்னணி எனாமல், எழுத்து போஸ்டர் கலர். ஆயில் ட்யூப் விலைக்கு அந்தச் சம்பளத்தில் வேறு என்ன செய்ய முடியும்? போஸ்டர் கலரைப் பிடித்து வைத்திருப்பது வெறும் பிசின். ஈரத்துணி பட்ட நிமிடம் அது துணியோடு வந்துவிடும். முதலில் போவது மேலே கடைசியாக எழுதியதுதான், அதாவது கையெழுத்து.

சோதிக்க வேண்டுமென்றால், சட்டம் மறைக்கிற ஓரத்தில், காது குடையும் பஞ்சுக்குச்சியை டிஸ்டில்ட் வாட்டரில் தொட்டு, தாளில் ஒற்றி ஈரத்தைக் குறைத்து, இரண்டு நொடி வையுங்கள். தேய்க்க வேண்டாம். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் படத்துக்குத் தண்ணீர் ஆகாது, முடிந்தது. ஏறாவிட்டாலும் நீங்களாகக் கழுவலாம் என்று அர்த்தம் அல்ல. உங்களுக்கு உரிய வேலை தூசு தட்டுவது மட்டும்தான். இரண்டு அங்குல அகலத்தில் ஆட்டுமயிர் மாதிரி மெத்தென்ற தூரிகை, மேலிருந்து கீழே, அழுத்தாமல். வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் வாயில் கொசுவலைத் துணி கட்டி, படத்தில் படாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தூரிகை தள்ளுகிற தூசை மட்டும் இழுக்கவிடுங்கள். மில், தறி ஓடுகிற ஊர்களில் சட்டத்தின் மேல் விளிம்பில் பஞ்சு ஒரு மெத்தை மாதிரி படிந்திருக்கும். ஐப்பசி மழையில் அது ஈரத்தைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். படத்தின் மேல் ஓரம் மட்டும் பூசணம் பூப்பதன் காரணம் அதுதான்.

தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் பளபளப்பாகிறது என்பார்கள். ஆகும், பத்து நாளைக்கு. ஓவியத்துக்குச் சேர்க்கிற ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு உலர்ந்து தோலாகும். தேங்காய் எண்ணெய் என்றைக்கும் உலராது. பிசுபிசுவென்று கிடந்து வருஷத் தூசையெல்லாம் வாங்கி, படத்தைக் கருப்பாக்கும். வெட்டிய உருளைக்கிழங்கு தேய்ப்பதும் அப்படித்தான். மாவுச்சத்து வெடிப்புக்குள் போய்ப் பூச்சிக்குச் சாப்பாடாகும். மண்ணெண்ணெய், சோப்புத் தண்ணீர், தின்னர் இவற்றைச் சொல்லவே வேண்டியதில்லை.

நிறுவனர் நாளன்று படத்தின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைப்பது நம் மரியாதை, வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கண்ணாடி இல்லாத படத்தில் நேராக வைத்தால் என்ன ஆகிறது என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வண்ணம் வெளுத்து, நடுவில் சிவப்புக் கறை இறங்கியிருக்கும். மஞ்சளைச் சுண்ணாம்பு மாதிரிக் காரம் சேர்த்துச் சிவக்க வைத்ததுதான் பழைய குங்குமம். காரம் எண்ணெய்ப் பூச்சைச் சோப்பாக்கிவிடும். வெள்ளையடிக்கும்போது தெறிக்கிற சுண்ணாம்புத் துளி செய்வதும் அதே வேலைதான். மாலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சட்டத்தின் கீழ்க் கட்டைக்கும் படத்துக்கும் நடுவில் தேங்கி, ஹார்டுபோர்டின் கீழ் ஓரம் அப்பளமாக ஊதும். கையெழுத்து இருக்கிற ஓரமும் அதுதான். படத்துக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு, சந்தனக் கிண்ணத்தை அதில் வையுங்கள். மாலைக்குச் சுவரில், சட்டத்துக்கு வெளியே, தனியாக இரண்டு ஆணி அடியுங்கள். மரியாதை குறையாது.

லேமினேஷன் கடைக்கும் எதையும் அனுப்பாதீர்கள். தாளில் வரைந்த நீர்வண்ணத்தைப் பலகையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் படலம் ஏற்றினால், பிறகு பிரிக்க யாராலும் ஆகாது.

வெள்ளையடித்து முடிகிற வரை எங்கே வைப்பது? வெளிச்சுவர் ஓரம் வேண்டாம், அதிலும் பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கம் மேற்குச் சுவர் கூடவே கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் ஈரச்சாரலை அந்தச் சுவரில்தான் அடிக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரும்பு ஸ்டாண்டு, கரையான் ஏறினால் கண்ணில் படும்படி. பிளாஸ்டிக், ஃபிளெக்ஸ், பபிள் ஷீட் எதிலும் சுற்றாதீர்கள், வேர்த்துவிடும். காடாத் துணி நல்லது. நம் ஊரில் அதற்கா பஞ்சம்? ஆனால் தறியிலிருந்து வந்தபடியே சுற்றக் கூடாது. பாவுக்குப் போட்ட கஞ்சி துணியில் அப்படியே இருக்கும், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. வெந்நீரில் இரண்டு தடவை அலசி, நீலம் போடாமல், வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்தபின் சுற்றுங்கள். திரும்ப மாட்டும்போது கீழ்ச் சட்டத்தின் இரண்டு மூலைக்குப் பின்னால் பாட்டில் தக்கையை வெட்டி ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு விரல் காற்று ஓடும். புதுச் சுவர் முழுக்கக் காயாமல் மாட்டாதீர்கள்.

நாடக சீன் திரைகள் கிடைத்தால் பாக்கியம். வஜ்ஜிரப் பசையில் பொடி வண்ணம் கலந்து அடித்தவை. தொட்டாலே கையில் வரும். மடித்து வைத்தவை மடிப்பில் உதிர்ந்திருக்கும். ஆறு அங்குல பிவிசி குழாய்க்கு மேல் அலசிய துணி சுற்றி, அதன்மேல் வண்ணப் பக்கம் வெளியே தெரியும்படி உருட்டுங்கள். எல்லோரும் வண்ணத்தைப் பாதுகாக்கிற நினைப்பில் உள்பக்கமாக உருட்டுகிறார்கள்; உள்ளே நெருக்கப்பட்ட வண்ணம் விரிக்கும்போது அப்படியே தூக்கிக்கொண்டு உதிரும்.

பெயர் படத்தில் கிடைக்காவிட்டால் அலுவலக அறையில் கிடைக்கும். சம்பளப் பட்டியலில் ஓவிய ஆசிரியையின் பெயரும் சேர்ந்த மாதமும் விலகிய மாதமும் இருக்கும். இருப்புப் பதிவேட்டில் ட்யூப் வாங்கிய வரி இருக்கும். 'ஹார்டுபோர்டு 4க்கு 3, ஒன்று' என்ற வவுச்சர் ஒன்று சிக்கினால், படத்தின் அளவோடு பொருத்திப் பாருங்கள், வருஷம் விழுந்துவிடும். ஆண்டு மலரின் 'நன்றி' பக்கத்தைத் தவறவிடாதீர்கள். கழிவுப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். 'பழைய படம், 3' என்று எழுதிக் கழித்த வரி ஒன்று இருந்தால், போனது என்ன என்றாவது தெரியட்டும்.

பிறகு பழைய மாணவியர். 1960களில் படித்தவர்கள் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். 'டிராயிங் டீச்சர் ஞாபகம் இருக்கா' என்று மொட்டையாகக் கேட்டால் 'நல்லவங்க' என்பதோடு முடியும். படத்தின் போட்டோவைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். எந்தக் கையால் வரைவார், எந்த அறையில், யாரை உட்கார வைத்து? இடக்கைக்காரர் போடுகிற நிழல்கோடு பெரும்பாலும் இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும். இந்த ஒரு பதில் நாலு படங்களை ஒரே கைக்குச் சேர்த்துவிடும். சொன்னதைச் சொன்னபடி, பேச்சுத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கிடைத்ததை எழுதும்போது மூன்று நிலையைக் கலக்காதீர்கள்: கையெழுத்து உண்டு, பதிவேட்டில் உண்டு, நினைவில் சொல்லப்படுகிறது. மூன்றாவது மட்டும் இருக்கும்போது முதலாவது மாதிரி எழுதினால், ஹால்ஸ் கணக்கில் எழுதியவர்கள் செய்த தப்பையே நாமும் செய்கிறோம். பெயர் கிடைக்கவே இல்லையென்றால் 'ஓவிய ஆசிரியை, 1955–60' என்று போடுங்கள். 'பழைய படம்' என்று மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அதைப் பின் கட்டையில் 2பி பென்சிலால் எழுதுங்கள்; பால்பாயின்ட் மை மறுபக்கம் ஊறும், செல்லோ டேப் பழுத்துக் கறையாகும். சுவரில் வைக்கிற சீட்டில் முதல் வரி அவர் பெயர், இரண்டாவது வரி படத்தில் இருப்பவர், மூன்றாவது உபயதாரர்.

இதில் சட்ட விஷயமும் இருக்கிறது. பள்ளி வேலையாக வரைந்த படத்தின் பதிப்புரிமை பள்ளிக்கே என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமை யாரிடம் போனாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைப்பாளியிடமே நிற்கும் என்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கட்டடப் புதுப்பிப்புக்காகக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருந்த சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரவும், 5 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. அதுவும் வெள்ளையடிக்கிற மாதிரியான ஒரு வேலையில் தொடங்கியதுதான்.

எல்லாப் படத்தையும் இந்த விடுமுறையிலேயே முடிக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியர் அறையில் நாற்காலிக்கு நேர் மேலே இருக்கிற ஒன்றில் தொடங்குங்கள். சனிக்கிழமை காலை, ஆட்கள் வருவதற்கு முன்பே, ஏணி பிடிக்க ஒருவர், கீழே நின்று வாங்க ஒருவர், ஒரு டார்ச், ஒரு 2பி பென்சில். கண்ணாடியைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, ஓய்வுபெற்ற டீச்சர் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓவியம் பேணும் வேலையும் பள்ளி ஓவிய வகுப்பும் அறிந்த சிலர்,
கோவை, ஈரோடு, பொள்ளாச்சி